கணினி இயக்கும் வெட்டுப் பொறிகள்

நம் சங்கத்தின் அங்கத்தினர்களில் ஒரு சாரார் தறியில் அமர்பவர். மற்றொரு சாரார் மண்ணில் பாடுபடுபவர். இரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பண்டத்தை நாம் உண்டாக்குகிறோம். அதன் மீது ஏறும் பெயரையும் அடையாளத்தையும் வேறொருவர் கையில் விட்டுவிடுகிறோம். சேலைப் பெட்டியின் மேல் ஒட்டும் எழுத்து, நிலக்கடலை மூட்டையின் மேல் இடும் முத்திரை, சந்தையில் நிறுத்தும் பலகை, எண்ணெய் டின்னின் மேல் வரும் சங்கத்தின் பெயர் ஆகிய யாவற்றுக்கும் கடைத்தெருவுக்குச் சென்று காத்திருக்கிறோம். இவ்வேலைகளைச் செய்யும் பொறிகள் இரண்டு. ஒன்று, வினைல் என்னும் ஒட்டுத்தாளைக் கத்தி முனையால் வெட்டுவது. கடைகளில் இதனைப் ‘பிளாட்டர்’ என்றும் ‘ஸ்டிக்கர் கட்டிங் மிஷின்’ என்றும் அழைப்பர். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையால் பலகையையும் அக்ரிலிக் தகட்டையும் எரித்து வெட்டும் லேசர் பொறி. இரண்டையும் இயக்குவது கணினி. இவற்றைக் கற்பது நம்மவர்க்கு எட்டாத காரியமன்று என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நெசவாளருக்கு இது புதிய வித்தையே அன்று என்று சொன்னால் சிலர் வியப்படையலாம். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804 ஆம் ஆண்டில் அமைத்த பொறியைத் தம் தறியின் மேல் ஏற்றியிருக்கும் அங்கத்தினர் அனைவரும் அதன் தத்துவத்தை அறிவர். அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழைகிறது. அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளுண்டு நிற்கிறது, இழை எழுவதில்லை. துளை உண்டு, துளை இல்லை என்னும் இவ்விரண்டே கட்டளைகளால் மயிலும் மாங்காயும் சேலையில் பிறக்கின்றன. 1839 இல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் செலவான அட்டைகள் சுமார் 24,000. அப்படத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்த ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் துளையிட்ட அட்டைகளையே கட்டளையாகக் கொடுக்க எண்ணினார். பின்னர் 1890 இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் துளை அட்டைகளால் எண்ணப்பட்டது. 1952 இல் அந்நாட்டு மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் பொறியை இயக்கிக் காட்டினர். இன்றைய வெட்டுப் பொறி அந்த வம்சத்தில் வந்தது. ஆகவே, கணினி என்றவுடன் தறிக்காரர் கூச வேண்டிய அவசியமில்லை. அது தம் வீட்டிலிருந்து போன பிள்ளை வேறு உடையில் திரும்பி வந்தது போன்றதே.

முதலில் பிளாட்டரைப் பார்ப்போம். இரண்டடி அகலமுள்ள வினைல் சுருளை உருளைகள் முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. கத்தி தாங்கிய வண்டி இடமும் வலமும் ஓடுகிறது. இவ்விரு ஓட்டங்களும் சேர்ந்து எந்த வளைவையும் வரைந்துவிடும். கத்தி என்பது பென்சில் ஊக்கைப் போன்ற சிறு முனைதான். அது தானே சுழலக்கூடிய தாங்கியில் நிற்பதால், வண்டி போகும் திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொள்கிறது. கத்தியின் முனை தாங்கியின் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். எவ்வளவு பின்தங்குகிறது என்பதைப் பொறிக்குச் சொல்லாவிட்டால் சதுரத்தின் மூலைகள் மழுங்கிப் போகும். புதிதாகக் கற்பவர் ‘பொறி பழுது’ என்று எண்ணும் கோளாறுகளில் முதலாவது இதுவே.

இரண்டாவது, கத்தியின் ஆழம். வினைல் தாள் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அதன் அடியில் வழவழப்பான காகிதம் ஒன்று இருக்கிறது. கத்தி மேல்தாளை முழுதும் அறுக்க வேண்டும். அடிக்காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இதற்குச் சோதனை வெட்டு ஒன்று உண்டு. ஒரு விரற்கடை அளவில் சதுரத்தையும் அதனுள் வட்டத்தையும் வெட்டி, வட்டத்தை மட்டும் ஊசியால் தூக்கிப் பாருங்கள். சுத்தமாக எழுந்தால் ஆழம் சரி. காகிதத்தின் மறுபுறம் கத்தித் தடம் தெரிந்தால் ஆழம் அதிகம். ஒவ்வொரு சுருளை மாற்றும்போதும் இச்சோதனையைச் செய்வது நலம். அரை நிமிஷச் சோதனையைச் சோம்பி விடுபவர் ஒரு கஜம் தாளை வீணாக்குவர்.

வெட்டி முடித்த பின் வேண்டாத பகுதிகளை ஊசியாலும் இடுக்கியாலும் பறித்தெடுக்க வேண்டும். ஆங்கிலத் தொழில்வழக்கில் இவ்வேலைக்குக் களையெடுப்பு என்றே பெயர். நம் விவசாய அங்கத்தினர்களுக்கு அதைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. களை நீக்கியபின் எஞ்சிய எழுத்துகளின் மேல் மெல்லிய பசைநாடாவை ஒட்டி, அப்படியே தூக்கி, பலகையிலோ டின்னிலோ பதித்துத் தேய்த்து, நாடாவை உரித்துவிடலாம். துணிப்பைக்கு உரிய வினைல் வேறு. அது சூட்டினால் ஒட்டுவது. அதனைக் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பதை மறந்தால், சங்கத்தின் பெயர் பையின் மேல் திரும்பி நிற்கும்.

நிற்க. இப்பொறிகளைப் பற்றி அயல்மொழியில் வெளிவந்த பாடங்களில் காண முடியாத சில சங்கதிகள் உண்டு. அவை தமிழ் எழுத்தைப் பற்றியவை. நம் பழக்கத்தில் மிகுந்த சேதம் இங்கேதான் நேர்கிறது.

முதலாவது புள்ளி. ‘பட்டு’ என்னும் சொல்லில் நடு எழுத்தின் புள்ளி ஒரு தனித் துணுக்கு. எழுத்து சிறிதாயின் களையெடுக்கும்போது புள்ளியும் களையோடு போய்விடும். ‘படடு’ என்று பலகை நிற்கும். ஆகையால் ஒட்டும் எழுத்துகளில் புள்ளியைச் சற்றுப் பெரிதாக வரைந்துகொள்ள வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த எழுத்துகளை வினைலில் வெட்ட முயலாதிருப்பதே உத்தமம். அவற்றை அச்சகத்தில் அச்சிடுவதுதான் முறை.

இரண்டாவது சுழி. மூட்டைக்கு மசி போடும் எழுத்தச்சை முன்பு தகரத்தில் உளியால் வெட்டினார்கள். அதையே இன்று நெகிழித் தகட்டில் பொறியால் வெட்டலாம். ஆனால் இரண்டு சுழி ‘ன’வையும் மூன்று சுழி ‘ண’வையும் எழுத்தச்சாக வெட்டினால், சுழிக்குள் அடைபட்ட துண்டு பிடிப்பின்றி விழுந்துவிடும், மூட்டையில் சுழி இருக்குமிடத்தில் மைத்திட்டு ஒன்றே தெரியும். ‘ட’, ‘ப’ போன்றவற்றில் மூடிய சுழி இல்லை. அவற்றால் தொல்லையும் இல்லை. சுழியுள்ள எழுத்துகளில் உள்துண்டைத் தகட்டோடு பிணைக்கும் சிறு பாலங்களை நாமே வரைந்து விட வேண்டும். பாலம் இரண்டு மில்லிமீட்டர் அகலமாவது இருந்தால்தான் மசி தேய்க்கும்போது தாங்கும். பழைய தகர அச்சுகளை எடுத்துப் பாருங்கள்; அவற்றை வெட்டிய கொல்லர் எங்கெங்கே பாலம் விட்டிருக்கிறார் என்று தெரியும். அதைவிடச் சிறந்த பாடநூல் இவ்விஷயத்தில் கிடையாது.

மூன்றாவது, எழுத்துருவின் கோளாறு. கடைக்குக் கொண்டுபோன சொல் அங்குள்ள கணினியில் வெறும் கட்டங்களாகவோ ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ தெரிவதைப் பலர் கண்டிருப்பர். பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒருங்குறியில் தட்டச்சு செய்து, கோப்பைக் கொடுப்பதற்கு முன்பே எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும். மாற்றியபின் அது எழுத்தன்று, வெறும் சித்திரம். எந்தக் கணினியிலும் மாறாது. அவ்வாறு மாற்றும்போது எழுத்தின் உடலும் அதனோடு சேர்ந்த கொம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரு வடிவங்களாக நிற்பதுண்டு. இரண்டையும் ஒன்றாக்காமல் அனுப்பினால் கத்தி எழுத்தின் நடுவிலும் கோடு கிழிக்கும். இவை யாவற்றையும் செய்ய ‘இன்க்ஸ்கேப்’ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2003 ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பலர் கூடி, விலை வாங்காமல் வளர்த்து வருவது அது. கூட்டுறவு மனப்பான்மை கணினித் துறையிலும் உண்டு என்பதற்கு நல்ல சாட்சி.

இனி லேசர். 1960 மே மாதத்தில் அமெரிக்காவில் மைமான் என்பவர் முதல் லேசரை ஒளிரச் செய்தார். நமக்கு வேண்டிய வகை அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப்பின் வந்தது. கரியமிலவாயுவைக் கொண்டு லேசர் உண்டாக்கும் முறையை 1964 இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டவர் குமார் படேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து புனே பொறியியற் கல்லூரியில் படித்தவர். இன்று சிற்றூர்க் கடைகளில் பலகையும் அக்ரிலிக்கும் வெட்டும் பொறிகளில் பெரும்பாலானவை அவர் கண்ட வழியில் இயங்குபவை. கண்ணாடிக் குழாயில் பிறக்கும் கற்றை மூன்று ஆடிகளில் பட்டுத் திரும்பி, ஒரு வில்லையின் வழியே கூர்மையான புள்ளியாகக் குவிந்து, பொருளை எரித்துச் செல்கிறது. மரம், அட்டை, அக்ரிலிக், தேங்காய்ச் சிரட்டை ஆகியவை இக்கற்றையை விழுங்கிக்கொள்ளும். உலோகமோ திருப்பியடித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் எழுதிப் பொறியின் மேல் ஒட்டுவது அவசியம். பிளாட்டரில் வெட்டும் வினைலை லேசர் பொறியில் ஒருபோதும் வைக்கலாகாது. வினைல் என்பது பி.வி.சி.; அதில் குளோரின் இருக்கிறது. லேசரின் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிப்பட்டு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். சுவாசித்தவர் நுரையீரல் கெடும். பொறியின் தண்டவாளமும் ஆடியும் துருப்பிடிக்கும். ரெக்ஸின் துணியிலும் பெரும்பாலும் இதே பி.வி.சி. உண்டு. ஐயமான பொருள் வந்தால், வெளியில் காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அப்பொருளில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருப்பதாகக் கருதி விலக்கிவிடலாம்.

தறியில் நெய்ததை லேசரில் வெட்டலாமா என்று கேட்பவர் உண்டு. பாலியெஸ்டர் துணி உருகி ஓரம் கட்டிக்கொள்ளும். ஆகவே ஆலைத் துணிக்கு அது உகந்தது. பருத்தியின் ஓரம் பழுப்பேறும். பட்டு, மயிர் கருகுவதுபோல் கருகும், சரிகையோ உலோகம். நம் சேலைக்கு லேசர் தேவையில்லை என்பதே எமது கருத்து. சேலைக்குரிய பெட்டியின் சின்னம், கடையின் பலகை, துணி மடிக்கும் அளவு அட்டை, துணியில் மை பதிக்கும் கட்டை ஆகியவற்றில் அதன் பயன் நிற்கட்டும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னை விவசாயிகள் சிரட்டையில் சங்கச் சின்னம் பொறிக்கலாம்; ஆனால் சிரட்டை வளைந்தது, ஒளி குவியும் தூரமோ ஒன்றே; ஆதலால் அகன்ற சித்திரம் ஓரங்களில் மங்கிவிடும். சிறு சின்னமாக வைத்துக்கொள்வது நலம்.

லேசர் எரித்து வெட்டுவதால், கோடு இருந்த இடத்தில் சிறிது பொருள் மறைந்துவிடுகிறது. மறையும் அகலம் அற்பந்தான். ஆயினும் பலகைகளைக் கோத்துப் பெட்டி செய்பவருக்கு அதுவே உயிர்நாடி. கணக்கு எளிது. பத்து மில்லிமீட்டர் அகலத்தில் பத்துத் துண்டுகளை அடுத்தடுத்து வெட்டி, நெருக்கி வைத்து அளந்து பாருங்கள். நூறு இருக்க வேண்டிய இடத்தில் 98 இருந்தால், ஒவ்வொரு துண்டும் 0.2 மில்லிமீட்டர் இழந்திருக்கிறது. அப்படியானால் மூன்று மில்லிமீட்டர் தகடு இறுக்கமாக நுழைய வேண்டிய பள்ளத்தை 2.8 என்று வரைய வேண்டும். வெட்டியபின் அது மூன்றாகும். தறியிலிருந்து இறக்கிய துணி சுருங்கும் என்றறிந்து அச்சில் அகலத்தைக் கூட்டி வைக்கும் நெசவாளருக்கு இந்தக் கணக்கு ஒரு நாளில் விளங்கிவிடும். விளங்காதவர் நெசவு அறியாத பட்டதாரிகளே என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பொறி ஓடும்போது அருகில் ஆள் இல்லாமல் விட்டுச் செல்லக்கூடாது. மரமும் அக்ரிலிக்கும் தீப்பற்றுபவை. மூடியைத் திறந்து வைத்துப் பார்ப்பதும் கூடாது. கற்றை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். புகையை வெளியேற்றும் விசிறியும் குழாயும், தீயணைப்பான் ஒன்றும் முதல் நாளே வேண்டும். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் குழாயைக் குளிர்விக்கும் நீர் விரைவில் சூடாகும். வாளியில் நீர் வைத்து ஓட்டுவது இங்கே போதாது, குளிர்விக்கும் பெட்டி தேவை. கிணற்று நீரை ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே தகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சங்கம் எதை வாங்குவது என்னும் கேள்வி எழும். எமது யோசனை, முதலில் பிளாட்டர். அதன் விலை சில பத்தாயிரங்களில் முடியும், லேசர் இலட்சத்தைத் தாண்டும், பராமரிப்பும் அதிகம். லேசர் வேலைக்குத் திருச்சியில் கடைகள் உண்டு. சித்திரத்தை நாமே வரைந்துகொண்டு சென்றால் வெட்டுகூலி மட்டும் கொடுத்து வரலாம். ஆயினும் பிளாட்டர் வாங்கினால் நம்பர் பிளேட்டு எழுதிப் பிழைக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு எண்பலகை தொழிற்சாலை வழியே வருவதால் அவ்வருமானம் தேய்ந்துவிட்டது. ஐந்நூறு எண்ணெய்ப் புட்டிகளுக்கு வண்ணச் சீட்டு வேண்டுமானாலும் அச்சகமே மலிவு.

வேறொரு விஷயத்தையும் ஆழ்ந்து கருத வேண்டும். திருச்சியைச் சுற்றிலும் நம் மாவட்டத்துக் கிராமங்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் குடிசைத்தொழில் ஒரு காலத்தில் பல்லாயிரம் குடும்பங்களைக் காத்தது. பிற்பாடு வெளிநாட்டிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கற்கள் மலிவாக வந்திறங்கின, சாணைகள் ஓய்ந்தன. அத்தொழிலாளரின் கைத்திறனில் குறைவு இல்லை. பொறி வேறொருவர் கையில் இருந்தது. அதன் பயனும் அங்கேயே நின்றது. நம் கரைகளையும் முந்தானைச் சித்திரங்களையும் குறித்து நமக்கு அந்த அச்சம் உண்டு. அங்கத்தினர் ஒருவர் தம் புதிய கரையின் கோப்பைக் கடைக் கணினியில் விட்டு வந்தால், அதைப் பிரதி எடுக்க ஒரு கணம் போதும். கை வரைபடத்தைத் திருட ஒரு நாளாவது ஆகும். ஆகவே கோப்புகளைச் சங்கத்தின் கணினியில் தேதியிட்டுச் சேமித்து, வெளியே வெட்டுவதற்குத் தேவையான பகுதியை மட்டும் கொண்டு செல்லும் ஏற்பாட்டை நிர்வாகக் குழு உடனே செய்ய வேண்டும். இதே நீதி நம்மையும் கட்டும். 2006 இல் மத்திய அரசு ஏற்படுத்திய கைத்தறி முத்திரையைப் பதிவு பெற்றவர் உரிய முறையில் பெற்று ஒட்டலாமேயன்றி, ‘பொறிதான் இருக்கிறதே’ என்று நாமே வெட்டி ஒட்டுவது குற்றம்.

கற்பது யார், எங்கே? இளைஞர்தாம் கற்க முடியும் என்பதை நாம் ஏற்கவில்லை. 1991 இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பழக்கத்தையும் சேர்த்தார். வயல் வேலை செய்தோரும், கல்லுடைத்தோரும், கற்களுக்குப் பட்டை தீட்டியோருமாகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறி ஓட்டினர். பெண்களுக்குரிய சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பழகினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பியவரும் உண்டு. அப்பெண்களின் மக்கள் இன்று நம் சங்கத்தில் இருக்கின்றனர்.

கிராமத்தார் இப்பொறிகளைக் கற்ற முன்மாதிரியும் நம் நாட்டில் இருக்கிறது. புனேயை அடுத்த பாபல் கிராமத்தில் கல்பாக் என்னும் விஞ்ஞானி 1983 இல் தொடங்கிய விக்ஞான் ஆசிரமத்தில், 2002 இல் மாஸசூஸெட்ஸ் கழகத்துப் பேராசிரியர் நீல் கெர்ஷன்பெல்டின் துணையோடு ‘பேப் லேப்’ என்னும் பொதுப் பட்டறை அமைந்தது. அக்கழகத்துக்கு வெளியே அமைந்த முதற் பட்டறைகளில் அது ஒன்று. பிளாட்டரும் லேசரும் அத்தகைய பட்டறைகளின் அடிப்படைக் கருவிகள். கேரளத்தில் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் இவ்வகைப் பட்டறைகள் உள்ளன. நம் மாநிலத்தில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீனத் தொழில்நுட்ப மையங்களாக்கும் திட்டம் 2022 இல் கையெழுத்தாயிற்று. அருகிலுள்ள நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று அங்கத்தினர் விசாரிக்கலாம்.

அதுவரை காத்திராமல் தொடங்க விரும்புவோர்க்கு ஒரு மாத வேலை தருகிறோம். முதல் வாரம் இன்க்ஸ்கேப்பில் தம் பெயரைத் தமிழில் எழுதிக் கோட்டுருவமாக்குக. இரண்டாம் வாரம் அதில் புள்ளிகளைப் பெருக்குக, சுழிகளுக்குப் பாலமிடுக. மூன்றாம் வாரம் சங்கத்தில் கிடக்கும் பழைய தகர அச்சு ஒன்றைத் தாளில் பதித்து, அதன்மேல் கோடு கோடாக வரைந்து பழகுக. நான்காம் வாரம் நால்வர் சேர்ந்து, ஒரே கூலியில் நான்கு பெயர்களையும் ஒரு தாளில் நெருக்கி அடுக்கி, கடையில் வெட்டி வாங்கி, களையெடுப்பைத் தம் கையால் செய்து பார்க்க. வெட்டிய தாளையும் கோப்பையும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருக.